வாடகை வீட்டில் தொழில்: வீட்டுக்காரர் எதற்கெல்லாம் பொறுப்பு?

பிளேஸ்டோவில் தமிழ்க் குடும்பங்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர் தொழில் செய்தால் வீட்டுக்காரர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது இன்றைய பொருள். பிளேஸ்டோவில் இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1844ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டம், நாற்றமும் நச்சும் கிளப்பும் தொழில்களுக்கு நகருக்குள் கட்டுப்பாடு விதித்தது. லீ ஆற்றுக்குக் கிழக்கே இருந்த வெஸ்ட் ஹாம் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடந்தது. ஆலைகள் ஆற்றைத் தாண்டி வந்தன. ஆலைகளைத் தேடித் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்காகத் தெருத்தெருவாக வரிசை வீடுகள் எழும்பின. பிளேஸ்டோ அப்படி நிரம்பிய ஊர்.

அந்த வீடுகளுக்குள்ளும் வேலை நடந்தது. எட்வர்ட் ஹோவர்த், மோனா வில்சன் இருவரும் வெஸ்ட் ஹாமின் வாழ்வையும் தொழிலையும் ஆராய்ந்து 1907இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே கூலிக்குத் தைத்துக் கொடுத்த பெண்கள் அதில் இடம்பெறுகிறார்கள். குடும்பம் உறங்கும் அறையே அவர்களுக்குப் பட்டறை. சட்டமும் அவர்களைக் கவனித்திருந்தது. 1901ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்களில் வீட்டு வேலை கொடுக்கும் முதலாளி, யார் யாருக்குக் கொடுக்கிறார் என்ற பட்டியலை ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி 1க்குள்ளும் ஆகஸ்ட் 1க்குள்ளும், உள்ளூராட்சி மன்றத்திடம் தர வேண்டும். வேலை நடக்கும் இடம் உடல்நலத்துக்குக் கேடானது என்றால் மன்றம் அந்த முதலாளிக்குத்தான் அறிவிப்பு அனுப்பும்.

இன்றைய வீட்டுத் தொழிலில் அப்படி ஒரு முதலாளி இல்லை. ரோல்ஸும் பற்றிஸும் செய்து கொடுக்கும் அம்மா, பிளவுஸ் தைக்கும் அக்கா, மாலையில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், பிள்ளை பார்ப்பவர், முகஅலங்காரம் செய்பவர், இணையத்தில் புடவை விற்பவர் எல்லாருமே தனித் தொழிலாளிகள். அன்று முதலாளியைத் தேடிப்போன கேள்விகளில் சில இன்று வீட்டுச் சொந்தக்காரரைத் தேடி வருகின்றன. பிளேஸ்டோ இன்று அடங்கியிருக்கும் நியூஹாமில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தனியாரிடம் வாடகைக்கு இருக்கின்றன. நம்மவரில் வாடகைக்கு இருப்போரும் உண்டு, வாடகைக்கு விட்டிருப்போரும் உண்டு. இரு தரப்பும் ஒரே பேச்சைக் கேட்பது நல்லது.

முதலில் அச்சத்தை அளவோடு வைப்போம். வாடகைக்காரர் செய்யும் தொழிலின் குற்றம் குறை எல்லாம் தாமாகவே வீட்டுக்காரர் தலையில் விழுவதில்லை. ஆங்கிலச் சட்டத்தில் இது உறுதியான நிலை. சஃபொக் மாவட்டத்தில் மில்டன்ஹால் அருகே ஒரு மோட்டார் பந்தயத் திடல். அதன் இரைச்சலைப் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பந்தயம் நடத்தியவர்கள் பொறுப்பு என்பது முடிவான பின், நிலத்தை அவர்களுக்கு வாடகைக்கு விட்டவர்களும் பொறுப்பா என்ற கேள்வி எழுந்தது. 2014 ஜூலையில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: இல்லை. தொல்லையில் நிலச் சொந்தக்காரர் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். அல்லது அந்த வாடகையே தொல்லையைத் தவிர்க்க முடியாததாக்கியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால்தான் அவர்மேல் பொறுப்பு விழும்.

இரண்டாவது வகைக்கு முன்பே ஒரு சான்று உண்டு. மெட்வே பகுதி மன்றம் தன் நிலத்தைக் கோ-கார்ட் பந்தயத்துக்கென்றே வாடகைக்கு விட்டது. கோ-கார்ட் ஓடினால் இரைச்சல் வரும் என்பது எவருக்கும் தெரியும். 1986இல் வெளியான தீர்ப்பில் மன்றமே பொறுப்பாளி ஆயிற்று. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளேஸ்டோவுக்கு உரிய பாடம் தெளிவாகும். குடியிருக்க விட்ட வீட்டில் வாடகைக்காரர் தாமாக இரவு முழுவதும் தையல் மெஷினை ஓட்டினால், பக்கத்து வீட்டாரின் சண்டை முதன்மையாக அவரோடுதான். மெல்லிய சுவர் கொண்ட வரிசை வீட்டை, பத்து மெஷின் ஓடப்போகிறது என்று தெரிந்தே அதற்காக விட்டிருந்தால் வீட்டுக்காரரும் வழக்கில் நிற்கிறார்.

தொழில் ஒரு பக்கம், கட்டடம் மறுபக்கம். கட்டடத்துக்கான பொறுப்பிலிருந்து வீட்டுக்காரர் எளிதில் விலக முடியாது.

இதை விளக்க, 1966இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. கிரேட் யார்மத் கடற்கரை ஊரில் லேக்கன் என்ற மதுபான நிறுவனத்துக்கு ஒரு பப் இருந்தது. அதை நடத்திய மேலாளரும் மனைவியும் மாடியில் குடியிருந்தார்கள். கோடை விடுமுறைக்கு வருவோரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தக் குடியிருப்பில் தங்கவைக்க நிறுவனம் அவர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. சொல்லப்போனால், அது அனுமதி பெற்ற ஒரு வீட்டுத் தொழில். அப்படித் தங்கிய விருந்தினர் ஒருவர் இரவில் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கும்போது விழுந்து இறந்துபோனார். கைப்பிடிக் கம்பி படியின் அடிவரை வரவில்லை. மேலே எரிய வேண்டிய பல்பு இல்லை. அவருடைய மனைவி நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார்.

மாடி மேலாளரின் வீடு, எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொன்னதை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஒரு கட்டடத்தின்மீது ஒரே நேரத்தில் இருவருக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். அப்போது இருவருமே கவனக் கடமை உள்ளவர்கள் என்றார்கள். அந்த வழக்கின் முடிவு நிறுவனத்துக்குச் சாதகமாகவே அமைந்தது. விளக்கு இருந்தால் அந்தப் படி ஆபத்தானது இல்லை, யாரோ பல்பைக் கழற்றுவார் என்று நிறுவனம் எதிர்பார்த்திருக்க முடியாது என்பது காரணம். டென்னிங் பிரபு அந்தத் தீர்ப்பில் வகுத்த கோடு இன்றும் பயன்படுகிறது. முழு வீட்டையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டால் உள்ளே வருவோருக்கான அன்றாடக் கவனம் வாடகைக்காரருடையது. பொதுப் படிக்கட்டையும் நுழைவழியையும் வீட்டுக்காரர் தம் கையில் வைத்திருந்தால், அந்த இடங்களுக்கு அவரே பொறுப்பு.

1972ஆம் ஆண்டின் பழுதான கட்டடங்கள் சட்டம் இதை இன்னும் விரித்தது. அதன் நான்காம் பிரிவின்படி, பழுதுபார்க்கும் கடமை உள்ள வீட்டுக்காரர், அந்தப் பழுதால் பாதிக்கப்படக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க எல்லாருக்கும் கடமைப்பட்டவர். பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலே போதும். வாரம் இருபது பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள் என்று அறிந்த வீட்டுக்காரருக்கு, இற்றுப்போன மாடிப்படிப் பலகையும் ஆடும் கைப்பிடியும் அந்த இருபது குடும்பங்களோடும் தொடர்புள்ள விஷயம். ஆண்டுக்கொரு முறை எரிவாயுப் பரிசோதனை, ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மின்இணைப்புப் பரிசோதனை, புகை அலாரம் ஆகியவை எல்லா வாடகை வீட்டுக்கும் கட்டாயம். அடுப்பு நாள் முழுக்க எரியும் வீட்டில் அவற்றைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 மார்ச் 5ஆம் தேதி ஷாட்வெல்லில் மேடொக்ஸ் ஹவுஸ் என்ற அடுக்ககத்தில் மின்சைக்கிள் பேட்டரியிலிருந்து தீப்பிடித்து ஒருவர் உயிரிழந்தார். அளவுக்கு மீறி ஆட்கள் தங்கியிருந்த வீடு அது. டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் வீட்டுச் சொந்தக்காரர்மீது வீட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. உணவு விநியோகம் செய்பவருக்கு வீடுதான் பேட்டரி ஏற்றும் இடம். நடையிலும் படிக்கட்டின் அடியிலும் சைக்கிளை வைத்துச் சார்ஜ் போடுவது, தீப்பிடித்தால் தப்பும் ஒரே வழியை அடைப்பதாகும். இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகும் வீட்டுக்காரரிடம் கவுன்சில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இராது.

அடுத்தது ஒப்பந்தம். பலரும் அறியாத சிக்கல் இங்கே இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் வணிக வாடகைக்காரர்களுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்கிறது. காலம் முடிந்தாலும் அவர்கள் புதிய குத்தகை கேட்கலாம். குடியிருக்க விட்ட வீடு இந்தச் சட்டத்துக்குள் நழுவிவிட்டால் அது சாதாரண வீட்டு வாடகையாக இராது. காலிசெய்யச் சொல்லும் வழி, நீதிமன்றம், இழப்பீடு எல்லாம் மாறிவிடும்.

எந்த அளவு தொழில் நடந்தால் வீடு நழுவும்? 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளைச் சேர்த்து விசாரித்தது. ஒருவர் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் குடியிருந்த கணக்காளர். தம் ஃபிளாட்டையே தொழிலின் அலுவலகமாக்கி, மேசை, தட்டச்சு இயந்திரம், கோப்புகள், தொலைபேசி எல்லாம் அங்கே வைத்தார். இன்னொருவர் வேறிடத்தில் மருத்துவ ஆலோசனை அறை வைத்திருந்த டாக்டர். அவசரத்துக்கு எப்போதாவது ஒரு நோயாளியை வீட்டில் பார்ப்பார். கணக்காளரின் வீடு வணிக வாடகை, டாக்டருடையது வீட்டு வாடகை என்று தீர்ப்பானது. தொழில் வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய சிறு பகுதியா, அந்த இடத்தை வைத்திருப்பதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றா என்பதே அளவுகோல்.

ஒப்பந்தத்தில் எல்லாத் தொழிலுக்கும் தடை எழுதியிருந்தால் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டையும் உண்டு. தடையை மீறித் தொழில் நடப்பது தெரிந்தும் வீட்டுக்காரர் இசைந்து இருந்துவிட்டால் தடை பயனற்றுப் போகும். மாதாமாதம் வாடகை வாங்க வரும்போது கூடத்தில் நாலு தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனவர் நாளை நீதிமன்றத்தில், எனக்கு இதில் சம்மதம் இருக்கவில்லை என்று சொல்வது கடினம்.

2015ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் இந்த அச்சத்தைப் பெருமளவு குறைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தங்களில், வீட்டில் நியாயமாகச் செய்யத்தக்க தொழிலுக்கு வீட்டுக்காரர் அனுமதி கொடுத்தாலும் அது வணிக வாடகையாகாது. வாடகைக்கு எடுப்பவர் தனிநபராகவும் அந்த வீட்டையே தம் குடியிருப்பாகக் கொண்டவராகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் வேறு வகைத் தொழிலுக்கு இடம் தரக்கூடாது. தடையை மீறி நடந்ததும் வீட்டுத் தொழில் மட்டுமே என்றால், வீட்டுக்காரர் பேசாமல் இருந்ததாலும் நிலை மாறாது. அங்கேயே பரிமாறிக் குடிக்க மது விற்பது வீட்டுத் தொழில் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. டியூஷனும் பலகாரமும் தையலும் பெரும்பாலும் இந்தக் குடைக்குள் அடங்கும். கூலிக்கு ஆள் வைத்து முழு வீட்டையும் பட்டறையாக்கினால் அடங்காமல் போகலாம். 2015 அக்டோபர் 1க்கு முந்தைய ஒப்பந்தத்தில் தொடர்ந்து இருப்பவர்களுக்குப் பழைய விதியே.

இனி கவுன்சில். 2013 ஜனவரி 1 அன்று நியூஹாம், இங்கிலாந்திலேயே முதன்முதலாகப் பகுதி முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. இப்போதைய திட்டம் 2023 ஜூன் 1இல் தொடங்கியது. ஸ்ட்ராட்ஃபொர்ட் ஒலிம்பிக் பார்க், ரோயல் விக்டோரியா வட்டாரங்கள் தவிர மற்ற வட்டாரங்கள் எல்லாம் அதில் அடங்கும். பிளேஸ்டோ முழுவதும் உள்ளே. லைசென்ஸ் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், பரிசோதனைக்கு வருபவர் கேட்பதும் அவரைத்தான். லைசென்ஸ் இல்லாமல் வாடகைக்கு விடுவது குற்றம். பெரும் தண்டத்தோடு, வாங்கிய வாடகையைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவும் வரலாம்.

திட்டமிடல் சட்டமும் சொந்தக்காரரை விடாது. வீட்டின் தன்மை மாறாத அளவில் நடக்கும் தொழிலுக்கு அனுமதி தேவையில்லை. ஆட்கள் வந்து போவதும் வண்டி நிற்பதும் கூடி, தெருவே மாற்றத்தை உணர்ந்தால் அது பயன்பாட்டு மாற்றம். பின் தோட்டத்துக் கொட்டகையில் வணிகச் சமையலறை வைப்பது இந்த இடத்தில்தான் சிக்கும். அமலாக்க அறிவிப்பு சொந்தக்காரருக்கும் வரும். கெடு முடிந்தும் அது நிறைவேறாவிட்டால் குற்றவாளி அந்த நேரத்தில் சொந்தக்காரராக இருப்பவர். தம்மால் ஆனதெல்லாம் செய்தேன் என்று காட்ட முடிந்தால் மட்டுமே தப்பலாம். தண்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

சில அனுமதிகள் தொழில் செய்பவருடையவை. உணவு விற்பவர் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன் கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பதிவை மறுக்கவும் முடியாது. பொதி செய்து வைத்து விற்கும் பலகாரத்துக்கு, 2021 அக்டோபர் முதல், உட்பொருள்களும் ஒவ்வாமைப் பொருள்களும் குறித்த சீட்டு வேண்டும். பிள்ளை பார்ப்பவருக்கு ஆஃப்ஸ்டெட் பதிவு. மசாஜ், நகப்பராமரிப்பு போன்றவற்றுக்கு லண்டன் உள்ளூராட்சிகள் சட்டம் 1991இன்கீழ் தனி லைசென்ஸ். இந்தத் தாள்கள் வாடகைக்காரர் பெயரில் இருந்தாலும் அவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர், தாம் அக்கறையோடு நடந்ததற்குச் சான்று சேர்க்கிறார்.

குறுகிய கால வாடகை இன்னொரு வகை. முழு வீட்டை எடுத்து, இரவுக்கு இவ்வளவு என்று விருந்தினருக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 90 இரவுக்கு மேல் அப்படி விட, திட்டமிடல் அனுமதி தேவை. 2015இல் வந்த வேறொரு சட்டம் போட்ட கணக்கு இது. அடுக்குமாடி ஃபிளாட்டாக இருந்தால் மேல் குத்தகையையும் எடுத்துப் படிக்க வேண்டும். தனிக் குடியிருப்புக்கு மட்டும் என்று எழுதிய குத்தகையில் சில நாள் விருந்தினரைத் தங்கவைப்பது மீறல் என்று 2016இல் மேல் தீர்ப்பாயம் சொன்னது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஃபிளாட்டின் சொந்தக்காரர். இடையில் ஒருவருக்கு மொத்தமாக விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பதும் இனி உதவாது. வாடகையைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு நேரடியாக வாடகை வாங்குபவர்மீது மட்டுமே செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025ஆம் ஆண்டின் வாடகைக்காரர் உரிமைகள் சட்டம் அதை மாற்றி, மேலே இருக்கும் சொந்தக்காரரையும் உத்தரவின் எல்லைக்குள் கொண்டுவந்தது.

குற்றத் தொழில்களில் அறிவே எல்லை. விபசார விடுதிக்கு என்று தெரிந்து வீட்டை விடுவது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றம். கட்டடத்தை நிர்வகிப்பவர் தெரிந்தே அங்கே போதைப்பொருள் தயாரிக்கவோ கொடுக்கவோ விடுவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். ஆறு மாத வாடகையை ரொக்கமாக முன்னாலேயே நீட்டி, வீட்டுப்பக்கம் வரவே வேண்டாம் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். முறையான அறிவிப்புக் கொடுத்து, குறித்த இடைவெளியில் வீட்டைப் பார்த்து, பார்த்ததைத் தேதியோடு எழுதி வைப்பதே காப்பு.

காப்புறுதியில்தான் நல்லவர்கள் அதிகம் இழக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம், தொழில் சார்ந்த பாலிசி எடுப்பவர் ஆபத்தைப் பற்றிய முக்கிய விவரங்களை நேர்மையாக முன்வைக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் இழப்பீடு குறையலாம், முற்றாகவும் மறுக்கப்படலாம். வீட்டில் வணிகச் சமையல் நடப்பது முக்கிய விவரம். வங்கிக் கடனில் வாங்கிய வீட்டுக்குக் கடன் ஒப்பந்தமும் நிபந்தனை வைத்திருக்கும். வாடகைக்காரரின் பக்கம், வாடிக்கையாளருக்கு நேரும் காயத்துக்கான பொதுப்பொறுப்புக் காப்புறுதி வேண்டும். கூலிக்கு ஓர் ஆளை வைத்தாலும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில்தருநர் காப்புறுதி கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு.

இவ்வளவுக்கும் மருந்து ஒரு பக்கக் கடிதம். ஊரில் வாய்வார்த்தையாக வீடு விட்டுப் பழகிய தலைமுறை நம்முடையது. தமிழ்நாடே அந்தப் பழக்கத்தை விட்டு விலகுகிறது: 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை ஆணையத்தில் பதிவையும் கேட்கிறது. பிளேஸ்டோவில் அண்ணன் தம்பி முறை வைத்து அழைத்துக்கொள்ளும் இருவருக்கிடையிலும் தாள் வேண்டும். கடிதத்தில் இருக்க வேண்டியவை சிலவே: என்ன தொழில், யார் செய்வது, எந்த அறையில், எந்த நேரத்தில், ஒரு நேரத்தில் எத்தனை பேர் வரலாம், என்னென்ன பதிவும் காப்புறுதியும் எடுத்திருக்கிறது, தொழில் பெரிதானால் மறுபடி கேட்க வேண்டும் என்ற நிபந்தனை, இது வீட்டுத் தொழிலுக்கு மட்டுமான அனுமதி என்ற வரி. இருவரும் கையெழுத்திட்டபின் ஒரு நகல் காப்புறுதி நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

இந்தக் கடிதம் பல வீடுகளில் எழுதப்படாமல் போனதற்குக் காரணம் அச்சம். கேட்டால் வீட்டுக்காரர் மறுப்பார், மறுத்தபின் காரணம் சொல்லாமலே இரண்டு மாத நோட்டீஸ் கொடுப்பார் என்ற நினைப்பில், அடுப்படிச் சத்தத்தை அடக்கிக்கொண்டு பலகாரம் சுட்ட பெண்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த நோட்டீஸுக்கு வழி தந்த 21ஆம் பிரிவு 2026 மே 1 முதல் இல்லை. இனி வெளியேற்ற விரும்பும் வீட்டுக்காரர் சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்ட வேண்டும். ஒப்பந்த மீறல் அப்படியொரு காரணம். ஆனால் வெளியேற்றுவது நியாயமா என்பதையும் நீதிபதி எடைபோடுவார். அனுமதி கேட்டது மீறல் ஆகாது. கேளாமல் மறைத்துச் செய்தது மீறலாக எண்ணப்படலாம். ஆகவே, ரோல்ஸ் சுடும் அம்மா இந்த வாரம் வீட்டுக்காரருக்கு எழுதலாம்; வீட்டுக்காரர் கடிதம் வருவதற்காகக் காத்திராமல் தாமே போய்க் கேட்கலாம்.